பிளேட்லெட்டுக்கு மேலே உள்ள வரி

ஐப்பசியில் நாலு மழை பெய்துவிட்டால் வேலூரில் எந்த லேப் வாசலிலும் ஒரே கேள்விதான்: "கவுண்ட் எவ்ளோ?" கவுண்ட் என்றால் பிளேட்லெட். அதே தாளில் சில வரி மேலே பிசிவி (ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம்) என்று ஒன்று இருக்கும். அதை யாரும் கேட்பதில்லை. டெங்குவில் அட்மிட் ஆன பெரியவர்களுக்கு ஆபத்து வருகிறதா என்று பார்க்க நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

டெங்கு இந்த ஊருக்குப் புதுசில்லை. 1968இல் இங்கே பரவியபோதே நான்கு வகை வைரஸும் மனிதர்களிடமிருந்தும் கொசுக்களிடமிருந்தும் பிரித்தெடுக்கப்பட்டன. பாலாறு வறண்டு கிடக்கிற ஊரில் டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்காமல் முடியாது. ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்குத்தான் நீண்ட நாள் காப்பு. இரண்டாவதாக வேறு வகை வரும்போது கடுமையாகும் வாய்ப்பு அதிகம்.

முதல் மூன்று நாள் காய்ச்சல் கொளுத்தும். நெற்றிவலி, கண்ணை உருட்டினால் கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பும் மூட்டும் முறித்துப் போட்ட மாதிரி, குமட்டல், வாய்க் கசப்பு. சளி, மூக்கொழுகல் குறைவு. ரத்தத்தில் முதலில் இறங்குவது பெரும்பாலும் வெள்ளை அணு: 4,000க்குக் கீழே, சிலருக்கு 2,000 வரைகூட. பிளேட்லெட் அதற்குப் பிறகுதான் சரியும். கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் ஏறும். எஸ்ஜிஓடிதான் கூடுதலாக இருக்கும். 1,000ஐத் தாண்டினால் கடுமையான டெங்கு என்றே கணக்கு.

வெள்ளை அணு 12,000 என்று வந்தால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நம் பக்கம் இதே பருவத்தில், சிறு பூச்சி கடித்து வரும் பாக்டீரியா காய்ச்சலான ஸ்க்ரப் டைஃபஸும் வருகிறது. அதிலும் பிளேட்லெட் குறையும், எஸ்ஜிஓடி ஏறும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்பில் நாடா கட்டும் இடம் என்று துணியை விலக்கிப் பார்த்தால் சிகரெட் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு கிடைக்கலாம். வலிக்காது, அதனால் நோயாளி சொல்லமாட்டார். அதற்கு மருந்து டாக்ஸிசைக்ளின். டிரிப் ஏற்றிக் காத்திருந்தால் நாள்தான் போகும்.

டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 டெஸ்டை முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால் பயன். உடம்பு உருவாக்கும் எதிர்ப்புப் பொருளான ஐஜிஎம் ஐந்தாம் நாள் வாக்கில்தான் தெரிய ஆரம்பிக்கும், பிறகு இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் இருக்கும். ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ் என்றால் அது போன மாதத்துக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

இப்போது பிசிவி. டெங்குவில் ரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியே கசியும், மிச்சமுள்ள ரத்தம் கெட்டியாகும், பிசிவி ஏறும். பழைய அளவைவிட 20 சதவீதம் ஏறினால் கசிவு என்று எடுத்துக்கொள்ளலாம். சிக்கல் இந்தப் "பழைய அளவு"தான். ரத்தசோகை உள்ள ஒரு பெண்ணுக்கு வழக்கமான பிசிவி 31 என்று வையுங்கள். நாலாம் நாள் 38. லேப் தாளில் அது நார்மல் வரம்புக்குள் இருக்கும், தடித்த எழுத்தோ சிவப்போ இருக்காது. ஆனால் ஏற்றம் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அதனால்தான் முதல் நாளே ஒரு சிபிசி (ரத்த அணுக்களின் முழு கணக்கு) எடுத்து வைக்கச் சொல்வது. டிரிப் ஓடுகிற கையிலிருந்து ரத்தம் எடுத்தால் சலைன் கலந்து பிசிவி பொய்யாகக் குறையும். மறு கையில் எடுக்க வேண்டும். பிளேட்லெட்டும் டியூபில் கட்டிக்கொண்டால் மெஷின் குறைத்துக் காட்டும். திடீரென்று 15,000 என்று வந்தால் ஸ்மியர் (ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில்) பார்க்கச் சொல்லுங்கள்.

கசிவு உச்சத்துக்குப் போவது காய்ச்சல் இறங்கும் நேரத்தில், பெரும்பாலும் நாலு முதல் ஏழாம் நாளுக்குள். "ஜுரம் விட்டுடுச்சு, வீட்டுக்குப் போலாம்" என்று பையைக் கட்டுவதும் அப்போதுதான். அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் கவனிக்க வேண்டியது. விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அதிக மாதவிடாய்ப் போக்கு, படபடப்பு அல்லது அசந்து கிடப்பது, சிறுநீர் குறைவது. பிரஷர் 100/84 என்றால் மேல் எண்ணைப் பார்த்து நிம்மதி வேண்டாம், இடைவெளி 16தான். 20க்குக் கீழே வந்தாலே ஷாக். ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் தடித்திருப்பதும் வலது நெஞ்சில் நீரும் கசிவின் அடையாளம்.

பாராசிட்டமால் 650 என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு நாலுக்கு மேல் வேண்டாம். டைக்ளோஃபெனாக் ஊசி, இபுப்ரூஃபன், ஆஸ்பிரின் ஆகாது. ரத்தக்கசிவு இல்லாதவருக்கு கவுண்ட் 30,000 என்பதற்காகப் பிளேட்லெட் பை தேடி அலைய வேண்டியதில்லை. பப்பாளி இலைச் சாறு குடித்து வாந்தி வந்தால், அது சாற்றாலா நோயாலா என்று பிரிப்பதே வேலையாகிவிடும்.

கசிந்த நீர் திரும்பும்போது பசி வரும், சிறுநீர் நன்றாகப் போகும், நாடித்துடிப்பு 50களில் நிற்கும், உள்ளங்கை, உள்ளங்கால் அரிக்கும். பிசிவியும் இறங்கும். நோயாளி தெம்பாக இருந்தால் அது ரத்தக்கசிவு இல்லை. அப்போதும் டிரிப் ஓடிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்கும். அந்த நேரத்தில் பாட்டிலைக் கழற்றுவதுதான் வைத்தியம்.