வேகத்தடைக்கு மனு எழுதும் முன் மைல்கல்லைப் பாருங்கள்

பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை. கேட்டது அவ்வளவுதான். மே 1 கிராம சபையில் தொடங்கியது, தார் விழும்போது பொங்கலே முடிந்துவிட்டது. பாதி நாள் தப்பான கதவைத் தட்டியதில் போயிற்று.

கிராம சபையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும். புத்தகத்தில் ஏறினால்தான் தீர்மானம். முதல் கூட்டத்தில் "சாலைப் பாதுகாப்பு குறித்து விவாதிக்கப்பட்டது" என்று ஒற்றை வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். எந்த இடம், யார் செய்ய வேண்டும், ஒன்றும் இல்லை. அந்தக் காகிதம் எங்கேயும் செல்லாது. ஆகஸ்ட் 15 கூட்டத்தில் சாலையின் பெயர், கிலோமீட்டர், பள்ளிக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று என்று மறுபடி எழுத வைக்க வேண்டியதாயிற்று. கூட்டத்தைப் பார்வையிட வரும் அலுவலரான பற்றாளர் கிளம்பும் முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நகலோடு ஒன்றிய அலுவலகத்துக்கு மூன்று நடை. மூன்றாவது நடையில்தான், "இது எங்க ரோடே இல்லைங்களே" என்றார்கள். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது! ஆயுத பூசைக்குச் சாலைப் பணியாளர்கள் பட்டை போட்டு மாலை சூட்டிய மைல்கல் பள்ளிக்கு எதிரிலேயே நிற்கிறது. அதைப் பார்த்தாவது புரிந்திருக்க வேண்டும். கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநிலச் சாலை, கறுப்பு என்றால் மாவட்டச் சாலை. தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் மேடு கேட்டு அலைய வேண்டாம், போட மாட்டார்கள். தடதடக்கும் பட்டைக்கோடுகளைக் கேளுங்கள்.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுத்த மனுவுக்குப் பதில் ஒரு குறுஞ்செய்தி: சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டதாம். அதோடு கணக்கு முடித்துவிட்டார்கள். நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் சீல் வாங்குவதுதான் வழி.

அடுத்த முட்டுக்கட்டை காவல் நிலையம். "அந்த இடத்துல பதிவான விபத்தே இல்லையே." உண்மைதான். பிளஸ் ஒன் பிள்ளை அரசு சைக்கிளோடு விழுந்தால், பைக்காரர் ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்துவிட்டுப் போகிறார், எப்.ஐ.ஆர். கிடையாது. பதிவேட்டில் இல்லாத விபத்து அதிகாரிக்கு விபத்தே இல்லை. சின்ன அடி என்றாலும் புகார் எழுதிக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வையுங்கள். நம்மிடம் இருந்தவை இரண்டே ரசீதுகளும் தலைமையாசிரியர் கடிதமும்தான். அவையே பிறகு கைகொடுத்தன.

கடைசியில் கோப்பை நகர்த்தியது பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய தகவல் உரிமை மனு. "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். "இந்தத் தேதியில் சீல் வைத்த மனு இப்போது எந்த அலுவலர் வசம் உள்ளது, அதன் மீதான குறிப்புகளின் நகல்" என்று கேளுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம். பதில் வருவதற்குள் டேப்போடு ஆள் வந்துவிட்டார்.

தார் ராத்திரியில் போட்டார்கள். பெயின்ட் இல்லை, பலகை இல்லை. கேட்டால், "அது வேற வேலைங்க, அடுத்த வாரம்." அன்றிரவே இரண்டு பைக் விழுந்தது. பையன்கள் சுண்ணாம்புக் கோடு இழுத்துச் சமாளித்தார்கள். சாலைகளுக்குத் தர அளவு வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் அளவின்படி மேடு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை. அகலம் குறைந்து உயரம் ஏறினால் அது முதுகெலும்பை உடைக்கும் கட்டை. மூன்றையும் மனுவிலேயே எழுதுங்கள், வேலை நடக்கும்போது அளந்தும் பாருங்கள்.

மனுவில் நாம் எழுத மறந்தது ஒன்று: ஓரம். மழைநீர் ஓட இரு பக்கமும் இடைவெளி விட்டிருக்கிறார்கள். மேட்டில் ஏறப் பிடிக்காத பைக்குகள் அந்தச் சந்தில்தான் புகுந்து போகின்றன. பிள்ளைகளின் சைக்கிள் போவதும் அதிலேதான். மேட்டை விளிம்பு வரை இறக்கச் சொல்லும் தீர்மானம் மார்ச் 22 கிராம சபைக்குத் தயார், இந்த முறை கிலோமீட்டரோடு.