நிலைவாசலுக்கு வேங்கை

தேக்கில்தான் நிலைவாசல் வைக்க வேண்டும் என்பது அம்மாவின் வெகுநாள் ஆசை. மரக்கடையில் கன அடி விலையைக் கேட்டதும் எனக்குப் பேச்சே வரவில்லை. ஆசாரிதான், "வேங்கை வைப்போம் தம்பி, கரையான் லேசில் அண்டாது. ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் இறங்கும், சுவரில் பதிக்குமுன் வார்னிஷ் அடித்துவிடலாம்" என்றார்.

2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதில் மிஞ்சியதை எம்-சாண்ட், அதான் பாறையை உடைத்துச் செய்யும் மணல், விழுங்கிவிட்டது. ஒரு யூனிட்டுக்கு, அதாவது 100 கன அடிக்கு, ஒவ்வொரு லோடிலும் புது விலை!

நேற்று நிலை நிறுத்தினோம். அம்மா மஞ்சள் பூசி, நவதானிய முடிச்சைக் கட்டினார். தேக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.