தங்கையின் எஸ்.டி. சான்றிதழும் மேஸ்திரியின் நம்பரும்

செஞ்சிப் பக்கம், ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது எங்கள் இருளர் குடியிருப்பு. தங்கை பிளஸ் டூ முடித்ததும் கல்லூரிக்கு எஸ்.டி. சான்றிதழ் தேவைப்பட்டது. இதைத் தாசில்தார் கொடுக்க முடியாது, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். விசாரணை இழுக்கும் என்று தெரியும். ஆனால் அதற்கும் முன்னால், இ-சேவை மையத்திலேயே மாட்டிக்கொண்டோம்.

விண்ணப்பிக்க முதலில் கேன் எண், அதாவது இ-சேவையில் ஒவ்வொருவருக்கும் தரும் பதிவு எண், வேண்டும். தங்கையின் ஆதாரைக் கொடுத்தால், ஓ.டி.பி. எங்கள் போனுக்கு வரவில்லை. அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் இருந்தபோது, அங்கிருந்த மேஸ்திரிதான் எங்கள் எல்லோருக்கும் ஆதார் எடுத்துக் கொடுத்தார். அப்பாவிடம் அப்போது போன் கிடையாது. மேஸ்திரி தன் நம்பரையே கொடுத்திருக்கிறார். சூளையை விட்டு வந்து வருஷக்கணக்காகியும் எங்கள் ஓ.டி.பி. அவர் போனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டால் எடுப்பதில்லை. முன்பணம் இன்னும் பாக்கி என்பது அவர் கணக்கு. இதை எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை.

சரி, நம்பரை மாற்றுவோம் என்றால், எந்த நம்பரைக் கொடுப்பது? வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் அண்ணனோடு மரம் வெட்டப் போய்விடும். ரீசார்ஜ் முடிந்தால் கொஞ்ச நாளில் எஸ்.எம்.எஸ். வருவதும் நின்றுவிடும். அப்படியே கிடந்தால் அந்த நம்பரே வேறு யாருக்காவது போய்விடும். அதனால் அம்மா பெயரில் ஒரு சிம் வாங்கிப் பட்டன் போனில் போட்டோம். டேட்டா இல்லாமல், பேசவும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான திட்டம் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்திருக்கிறது. கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆதாரில் நம்பர் மாற்ற வேறு ஆவணம் வேண்டாம், பழைய சிம்மும் வேண்டாம். ஆதார் மையத்துக்கு ஆள் நேரில் போய்க் கைரேகை வைத்தால் போதும். தங்கைக்கு உடனே முடிந்தது. அப்பாவுக்கு, மண் குழைத்துக் கல் அறுத்த விரல்கள். எந்த விரலை வைத்தாலும் மெஷின் ஏற்கவில்லை. அங்கிருந்த பெண் கருவிழியை எடுத்து முடித்துக் கொடுத்தார். "விரல் விழலைன்னா கண்ணை எடுக்கச் சொல்லிக் கேளுங்கய்யா" என்று சொல்லியும் அனுப்பினார்.

குடியிருப்பில் ஏரிக்கரை மேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும். ஓ.டி.பி. வந்து சேர்வதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும். அதனால் போனையும் தங்கையையும் சேர்த்தே இ-சேவை மையத்துக்கு அழைத்துப்போய் விண்ணப்பித்தேன். கட்டணம் 60 ரூபாய். அப்பாவுக்குச் சான்றிதழ் இல்லாததால் சித்தப்பாவுடையதை இணைத்தோம். விசாரணைக்கு வந்தவர்கள் குலசாமி, சடங்கு, உறவுமுறை எல்லாம் கேட்டார்கள். பாட்டி அசராமல் பதில் சொன்னார். கடைசியில் சான்றிதழ் தயார் என்ற எஸ்.எம்.எஸ். அம்மாவின் பட்டன் போனுக்கே வந்தது.

தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று ஒன்றிய அரசு பட்டியலிட்ட 6 சமூகங்களில் நாங்களும் உண்டு. இப்படிப்பட்ட சமூகங்களுக்காக ஒன்றிய அரசு 2023 நவம்பரில் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டத்தில் மொபைல் டவரும் சேர்ந்திருக்கிறது. டவர் வரட்டும். அதற்கு முன்னால் ஆதார் மெஷின் ஒரு நாள் குடியிருப்புக்கு வர வேண்டும். இங்கே இன்னும் பல வீடுகளின் ஓ.டி.பி. மேஸ்திரிகளுக்குத்தான் போகிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்க மனு எழுதியாகிவிட்டது. வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.