ஏலத்தோட்டத் தரவும் இயல்நிலைப் பரவல் சோதனையும்

குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பகுதிகளிலிருந்து முதுகலை ஆய்வேடு எழுதும் நம் மாணவர்கள் பலர் ஏலக்காய் விளைச்சலையோ தோட்டக் குடும்பங்களின் வருமானத்தையோ தரவாக எடுக்கிறார்கள். சிறு தோட்டக்காரர் பலரும் பெருந்தோட்டக்காரர் சிலரும் கலந்த இத்தகைய தரவு, வலப்பக்கம் நீண்ட வாலோடு அமைவதே வழக்கம். எனவே இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி சோதனைக்குப் போகுமுன், தரவு மணி வடிவ இயல்நிலைப் பரவலை ஒத்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். என் வாய்மொழித் தேர்விலும் முதல் கேள்வி இதுவாகவே இருந்தது.

எஸ்பிஎஸ்எஸ் என்னும் புள்ளியியல் மென்பொருளில் அனலைஸ், டிஸ்கிரிப்டிவ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், எக்ஸ்ப்ளோர் என்று சென்று, பிளாட்ஸ் பொத்தானுக்குள் இயல்நிலை வரைபடங்களையும் சோதனைகளையும் கேட்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாசனமுள்ள தோட்டங்களையும் மழையை நம்பியவற்றையும் ஒப்பிடுவதானால், அந்தப் பிரிவை ஃபேக்டர் பட்டியலில் இட மறக்காதீர்கள். தனித்தனியே இயல்நிலையில் இருக்கும் இரு குழுக்களும் ஒன்றாகக் கொட்டப்பட்டால் இரட்டை முகடாகத் தோன்றலாம். தொடர்புப் போக்குப் பகுப்பாய்வில் (ரிக்ரெஷன்) சோதிக்க வேண்டியது மூலத் தரவை அன்று, எச்சங்களை, அதாவது உண்மை மதிப்புக்கும் கணித்த மதிப்புக்கும் உள்ள வேறுபாடுகளை.

வெளியீட்டில் லில்லிஃபோர்ஸ் திருத்தத்துடன் கோல்மோகோரோவ்–ஸ்மிர்னோவ் சோதனையும், 1965இல் வெளியான ஷாபிரோ–வில்க் சோதனையும் பக்கத்தில் பக்கத்தில் வரும். பொதுவாகப் பின்னதற்கே கண்டறியும் திறன் அதிகம் என்பதால் நான் அதையே நம்புகிறேன். தரவு உண்மையில் இயல்நிலையானால் இவ்வளவு விலகலோ அதற்கு மேலோ தற்செயலாக வரும் வாய்ப்பே பி மதிப்பு. அது 0.05க்கு மேல் இருந்தால் தரவு இயல்நிலையானது என்று நிரூபணமாகிவிடவில்லை. தரவு இயல்நிலையானது என்னும் இன்மை கருதுகோளை மறுக்கப் போதிய சான்று இல்லை என்பது மட்டுமே பொருள். பதினைந்து வீடுகளின் தரவில் பெரிய கோணலும் பிடிபடாமல் போகும். ஆயிரம் வீடுகளின் தரவில் பொருட்படுத்தத் தேவையில்லாத விலகலும் 0.05க்குக் கீழே இறங்கிவிடும்.

ஆகவே முதலில் கியூ–கியூ வரைபடத்தைப் பாருங்கள், எண்ணைப் பிறகு பாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். நம் தரவை, இயல்நிலையில் எதிர்பார்க்கும் மதிப்புகளோடு ஒப்பிட்டுப் புள்ளிகளாக இடும் படம் அது; தரவு இயல்நிலையானால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டை ஒட்டி அமையும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எஸ்பிஎஸ்எஸ் நம் தரவைக் கிடை அச்சிலும், ஆர் மென்பொருளின் கியூகியூநார்ம் கட்டளை அதையே நிலை அச்சிலும் வைக்கின்றன. அதனால் வலப்பக்கம் நீண்ட அதே விளைச்சல் தரவு, முன்னதில் வலக்கோடியில் கோட்டுக்குக் கீழே சரியும். பின்னதில் கோட்டுக்கு மேலே எழும். அச்சின் பெயரைப் படிக்காமல் வளைவைப் படித்தால் தரவின் வால் நீளும் திசையையே மாற்றிப் புரிந்துகொள்வோம்.

விளைச்சலுக்கு மடக்கை எடுத்தால் பெரும்பாலும் புள்ளிகள் கோட்டை நெருங்கிவிடும். பூச்சியம் இருக்கும் தரவுக்கு மடக்கை நேரடியாகப் பொருந்தாது. மடக்கை எடுத்தும் புள்ளிகள் கோட்டை நெருங்காவிட்டால், இயல்நிலையை எதிர்பார்க்காத மான்–விட்னி சோதனைக்கு மாறி, சராசரியோடு இடைநிலையையும் (மீடியன்) தாருங்கள். ஆய்வேட்டில் எழுதும்போது, மென்பொருள் 0.000 என்று காட்டுவதை 0.001க்குக் குறைவு என்றும், கோல்மோகோரோவ்–ஸ்மிர்னோவ் கட்டத்தில் உடுக்குறியுடன் வரும் 0.200ஐக் கீழ் எல்லை என்றும் குறிப்பிட வேண்டும்.