ஆயிரம் ரூபாய் எங்கே போகிறது?

"மாதம் ஆயிரம் ரூபாயில் என்ன வந்துவிடப் போகிறது?" என்று கேட்பவர்களை, அந்தப் பணம் வரும் ஒரு 15ஆம் தேதி எங்கள் ஊர் மளிகைக் கடையில் உட்கார வைக்க வேண்டும். கடன் நோட்டில் எத்தனை கணக்குகள் அன்று அடிபடுகின்றன என்று பார்க்கட்டும்.

தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியது. ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு அதில் ரத்த அழுத்த மாத்திரை, குழுக்கடன் தவணையில் கொஞ்சம், மிச்சம் இருந்தால் பேரனுக்கு நோட்டுப் புத்தகம். முன்பு மாத்திரைக்கு மகனிடம் கேட்க வேண்டும். அவனும் கொடுப்பான், இரண்டு வார்த்தை சேர்த்துத்தான் கொடுப்பான். இப்போது அந்த இரண்டு வார்த்தை இல்லை. எனக்கு இதுதான் பெரிய மாற்றமாகத் தெரிகிறது. (குடிகாரக் கணவன் பிடுங்கிக்கொள்ளும் வீடுகளும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.)

எரிச்சல் வேறு இடத்தில். பணம் எடுக்கப் போனால், களை பறித்தே தேய்ந்துபோன விரலைக் கைரேகைக் கருவி ஏற்க மறுக்கிறது. சேலை முந்தானையில் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்க்கிறார்கள். இன்னொன்று, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவானால் தகுதி கிடையாது என்ற விதி. மூன்று அடுப்பு எரியும் கூட்டு வீட்டுக்கு ஒரே மீட்டர் இருந்தால் மூன்று மருமகள்களும் பணக்காரர்களா? மனுவைப் பார்க்கும் அதிகாரி ஒருமுறை அந்த வீட்டுக்குள் வந்து அடுப்பை எண்ணிப் பார்க்கலாம்.