ரிஸ்க் என்ற பெயரில் வசூலாகும் வட்டி

வங்கியின் கடன் பிரிவில் பல வருடம் கோப்பு பார்த்தவன் நான். "டெபாசிட்டுக்கு 5 தருகிறீர்கள், கடனுக்கு 10 வாங்குகிறீர்கள், நடுவில் உள்ளது எங்கே போகிறது?" என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. "எல்லாம் ரிஸ்க் சார்" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தப் பதில்மேல்தான் எனக்குக் கோபம்.

ரிஸ்க் இருப்பது உண்மைதான். 100 பேருக்கு ஆளுக்கு 100 வீதம் ஒரு வருடக் கடன் கொடுக்கிறோம் என்று வையுங்கள். மூன்று பேர் எதுவுமே கட்டவில்லை. அடமானத்தை விற்றதில் அசலில் பாதி தேறுகிறது. டெபாசிட்காரர்களுக்கு 5 சதவீதம் கொடுத்துவிட்டு வங்கி கையைக் கடிக்காமல் மீள, மீதி 97 பேரிடம் சுமார் 6.7 சதவீதம் வாங்கியாக வேண்டும். அந்த 1.7 ஒழுங்காகத் தவணை கட்டுகிறவர் தலையில் விழுகிறது. சம்பளம், வாடகை, மூலதனம் போட்டவர்களுக்கான லாபம் எல்லாம் இதற்கு மேலே. கடன் சிறியதென்றால் இன்னும் மோசம். ஒரு கோப்பைப் பார்த்து முடிக்க 2,000 செலவு என்றால், 50,000 கடனில் அது 4 சதவீதம். 50 லட்சத்தில் வெறும் 0.04.

சரி, அந்த மூன்று பேர் ஏன் மூன்று பேர்?

நான் பார்த்த ஒரு கோப்பு. கடன் வாங்கிய வியாபாரி மாதாமாதம் சரக்கு இருப்பு அறிக்கை கொடுத்துக்கொண்டே இருந்தார். தேதி மட்டும் மாறியது, எண்கள் ஒன்றுகூட மாறவில்லை. அதைப் படிக்க வேண்டிய இருக்கையில் ஆள் இல்லை, செலவைக் குறைக்க எடுத்துவிட்டார்கள். கிடங்கைத் திறந்து பார்த்தபோது சரக்கே இல்லை. கணக்கில் அது "கடன் ரிஸ்க்" என்று ஏறியது. என் கண்ணுக்கு அது கண்காணிக்காமல் விட்டதன் விலை.

பெர்கர், டியங் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 1997-இல் இதைத்தான் ஆராய்ந்தார்கள். நிர்வாகம் மோசமென்றால் செலவும் ஏறும், வாராக்கடனும் ஏறும் என்பது ஒரு வழி. கடனைச் சரிபார்ப்பதில் மிச்சம் பிடிக்கும் வங்கி இப்போதைக்குத் திறமையானதாகத் தெரிந்து, பிறகு வாராக்கடனில் மாட்டுவது இன்னொரு வழி. இந்த இரண்டாவதுதான் எனக்குப் பெரிய கவலை. மேலிடத்தில் கைதட்டு வாங்குவதும் அதுவேதான்.

வட்டி விகிதம் திடீரென்று மாறும் ஆபத்து தனி. எவ்வளவு நன்றாக நடக்கும் வங்கியும் அதற்கென்று டெபாசிட் வட்டிக்கும் கடன் வட்டிக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி வைத்தே ஆக வேண்டும். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆண்டறிக்கை கையில் கிடைத்தால் ஒரே ஒரு வருடத்தின் செலவு விகிதத்தை, அதாவது வருமானத்தில் எவ்வளவு நிர்வாகச் செலவுக்குப் போகிறது என்பதை, மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது குறைந்த வருடத்துக்கு அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் வாராக்கடன் எந்தப் பக்கம் போனது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.