எலுமிச்சை அளவில் ஒரு பெத்லகேம்

ஆம்ஸ்டர்டாமில் அன்று விடாத தூறல். ரைக்ஸ்மியூசியத்துக்குள் நுழைந்தவர்கள் எல்லோரும் ரெம்பிராண்டின் ஓவியங்களைத் தேடி மேலே ஏறினார்கள். நனைந்த ஷூவோடு எனக்கு அவ்வளவு அவசரமில்லை. சரி, கூட்டம் குறையட்டும் என்று கீழே இடைக்காலப் பகுதியில் சுற்றினேன். அங்கேதான் அது கண்ணில் பட்டது: கிட்டத்தட்ட எலுமிச்சம்பழம் அளவில் ஒரு மர உருண்டை, கீல் வைத்து இரண்டாகத் திறந்தபடி.

டச்சுக்காரர்கள் இதை ‘ஜெபக்கொட்டை’ என்கிறார்கள். 1500 முதல் 1530 வரையிலான காலத்தில், வசதி படைத்தவர்களுக்காகச் செய்தது. ஜெபமாலையிலோ இடுப்பிலோ தொங்கும். வேண்டும்போது திறந்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜெபிக்கலாம். கோயிலும் வேண்டாம், குருவும் வேண்டாம்.

ஒரு பாதியில் குழந்தை இயேசு பிறந்த காட்சி, மறு பாதியில் மூவரசர்கள் வந்து வணங்கும் காட்சி. வெறும் கண்ணுக்கு முதலில் ஏதோ பாசி படிந்த மாதிரிதான் தெரிந்தது. போனில் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் ஒவ்வொரு முகமாகப் பிரிந்து வந்தது. ஒரு தலை அரிசி முனை அளவுகூட இருக்காது. அதிலும் மூக்கு, உடையில் மடிப்பு!

ஒரே துண்டில் குடைந்தது என்றுதான் நினைத்தேன். இல்லையாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், தனித்தனியாகச் செதுக்கிய துண்டுகளை அடுக்கடுக்காகப் பொருத்தியிருப்பது தெரிந்திருக்கிறது. மரம் பாக்ஸ்வுட்; மெதுவாக வளர்வதால் இழை நெருக்கமாக இருக்கும், இவ்வளவு நுணுக்கமாகச் சீவினாலும் சிதறாது. கோபன்ஹேகனில் உள்ள ஒரு கொட்டையில் ‘ஆதாம் தியோதரிசி என்னைச் செய்தான்’ என்று லத்தீனில் செதுக்கியிருக்கிறது. டச்சில் அவர் ஆதாம் டிர்க்ஸ். உலகெங்கும் மிஞ்சியிருக்கும் நூற்றுச் சொச்சம் பாக்ஸ்வுட் சிற்பங்களில் பலவற்றை இவர் பட்டறையோடுதான் சேர்க்கிறார்கள். பெயரைத் தாண்டி ஆளைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஏமாற்றம்.

வெளி ஓடு முழுக்க பூ வேலை, ஜன்னல் போலத் துளைகள். இந்த மாதிரிக் கொட்டைகள் சிலவற்றுக்குள் வாசனைப் பொருளும் வைத்திருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் கண், கை, மூக்கு மூன்றுக்கும் வேலை. எனக்குக் கிடைத்தது கண்ணுக்கு மட்டும். பக்கத்திலேயே அதன் செப்பு உறையும் வெல்வெட் பையும் இருந்தன. பையின் சுருக்கைப் பார்த்ததும் பாட்டியின் சுருக்குப்பை ஞாபகம் வந்தது. இன்னும் கிட்டே குனிந்தேன். என் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிவிட்டது. சட்டைக் கையால் துடைத்துவிட்டு, மறுபடி மூவரசர்களிலிருந்து ஆரம்பித்தேன்.